டயாலிசிஸ் செய்துகொள்ளும் அரசு ஊழியர் விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுப்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 47. 2001-ல் புதுச்சேரி அரசுத் துறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து 24 ஆண்டுப் பணியை முடித்திருக்கிறீர்கள். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பால் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. மற்ற நாட்களில் பேருந்தில் அலுவலகம் போய்வருவதற்குள் உடல் துவண்டுவிடுகிறது. இந்த மாதமே விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிடலாமா, அல்லது உடல்நிலையைக் காரணம் காட்டி ஓய்வு கேட்கலாமா, எதில் ஓய்வூதியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாதம் எந்தக் கடிதமும் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். உங்களுக்குள்ள பணிக்காலத்துக்கு இரண்டு வழியிலும் மாத ஓய்வூதியம் ஒன்றேதான். ஆனால் விடுப்பு ஊதியப் பிடித்தத்திலும் வாரிசுக்கான வாய்ப்பிலும் இரண்டு வழிகளும் வெகுதூரம் விலகிச் செல்கின்றன. விடுப்புக் கணக்கும் குடும்பத்தின் பாதுகாப்பும் நீங்கள் பணியில் நீடிப்பதையே பொறுத்தவை. அரசு அலுவலகங்களின் நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் இத்தகைய கோப்புகளைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நோயுற்றவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் விதி தெரியாததால் அல்ல, தாங்க முடியாத ஒரு வாரத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தால்தான்.

எந்த அரசின் விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களும், அதற்கு நேர்மாறாக இருப்பவர்களும் இந்தப் பகுதியில் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் தமக்குக் கிடைத்ததைச் சொல்ல, அதையே நம்பி விண்ணப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடியிருக்கும் ஊர் இதில் கணக்கில் வராது. நியமன ஆணை எந்த அரசுடையது என்பதே கணக்கு. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதி என்பதால் அதன் ஊழியர்களுக்கு மத்திய அரசின் விதிகளே பொருந்துகின்றன. எனவே உங்களுக்கு உரியவை 1972-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளும், 2021-ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளும். 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்தவர் என்பதால் நீங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். இது உங்கள் கையிலுள்ள பெரிய பலம்.

இனி இரண்டு வழிகளையும் பார்ப்போம். தகுதியுள்ள பணிக்காலம், அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் பணிக்காலம், 20 ஆண்டு நிறைந்தவர், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். பழைய விதிகளில் 48-ஏ என்று அலுவலகங்களில் பேசப்பட்டது இதுதான். மற்றொன்று 2021 விதிகளின் 39-ஆம் விதிப்படியான இயலாமை ஓய்வு, அதாவது உடலாலோ மனத்தாலோ பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று மருத்துவ அதிகாரியோ மருத்துவக் குழுவோ சான்றளித்த பின் பெறுவது. பத்தாண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி ஊதியத்தில் அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரியில், எது கூடுதலோ அதில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் என்றால் இரண்டு வழியிலும் 25,000 ரூபாயும் அதன் மீதான அகவிலை நிவாரணமும்தான். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படியே: ஆறு மாதத்துக்குக் கால் மாத ஊதியம் என்ற கணக்கில், 24 ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மாத ஊதியம், அகவிலைப்படியும் சேர்த்து.

அப்படியானால் வேறுபாடு எங்கே? ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிப் பெறும்போது, அதாவது கம்யூட்டேஷனில், முதல் வேறுபாடு தெரியும். ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை இப்படி மாற்றலாம். 15 ஆண்டுக்குப் பின் முழு ஓய்வூதியம் திரும்பும். விருப்ப ஓய்வு பெற்றவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலேயே அந்தத் தொகை கிடைத்துவிடும். இயலாமை ஓய்வு பெற்றவர் இதற்கெனத் தனியாக மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதிக்கும் மருத்துவர் உங்கள் உண்மையான வயதோடு சில ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளப் பரிந்துரைக்கலாம், அப்போது தொகை குறையும், முற்றிலும் மறுக்கப்படவும் கூடும். வீட்டுக் கடனை அடைக்க அந்தத் தொகையையே நம்பியிருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. இந்த ஒன்றில் மட்டும் விருப்ப ஓய்வுதான் மேல்.

மற்றவை எல்லாம் மறுபக்கம். 55 வயதுக்கு முன் மருத்துவ அடிப்படையில் ஓய்வு பெற்றவரின் குடும்பத்தில் ஒருவர் கருணை அடிப்படையிலான பணி கேட்டு விண்ணப்பிக்க மத்திய விதிகள் இடமளிக்கின்றன. விருப்ப ஓய்வு பெற்றவரின் குடும்பத்துக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. நேரடி நியமனத்தில் ஐந்து விழுக்காடுதான் இதற்கு ஒதுக்கீடு என்பதால் உறுதியாகக் கிடைக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் படித்து முடிக்கும் நிலையில் பிள்ளை இருக்கும் வீட்டில், விண்ணப்பிக்கும் உரிமையையே கைவிட்டுவிட்டு வெளியே வருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இதைவிடப் பெரியது விடுப்புக் கணக்கு. உங்களைப் போன்றவர்கள் இதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. ஆண்டுக்கு 20 நாள் வீதம் அரைச் சம்பள விடுப்பு உங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு நாளும் எடுக்காதவர் என்றால் 24 ஆண்டில் 480 நாள். மருத்துவச் சான்றின் பேரில் இரண்டு அரைச் சம்பள நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றிப் பெறலாம். அலுவலகத்தில் கம்யூட்டட் லீவு என்பார்களே, அதுதான். 480 நாள் 240 முழுச் சம்பள நாளாகிறது. வாரத்தில் இரண்டு டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 104 நாள். அவற்றில் ஒன்றை விடுமுறை நாளில் வருமாறு மருத்துவமனையில் கேட்டு அமைத்துக்கொண்டால் 52 நாள்தான். ஈட்டிய விடுப்பில் ஒரு நாளைக்கூடத் தொடாமல், முழுச் சம்பளத்துடன் நான்கு ஆண்டுக்கு மேல் இப்படியே ஓட்ட முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஈட்டிய விடுப்பை ஏன் தொடக்கூடாது என்றால், ஓய்வின்போது 300 நாள் வரை அது முழு ஊதியக் கணக்கில் பணமாகிறது. அரைச் சம்பள விடுப்பு அந்த 300-ல் குறையும் நாட்களை நிரப்ப மட்டுமே, அதுவும் பாதிக் கணக்கில், பயன்படும்.

விடுப்பில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கணக்கில் விடுப்பே இல்லாதவருக்கு, பின்னால் ஈட்டப்போகும் அரைச் சம்பள விடுப்பை முன்கூட்டியே தரும் 'லீவ் நாட் டியூ' என்ற வகை உண்டு. பணிக்காலம் முழுவதிலும் மருத்துவச் சான்றின் பேரில் 360 நாள் வரை. இதை எடுத்தவர் பணிக்குத் திரும்பாமலே விருப்ப ஓய்வு பெற்றால் அந்த விடுப்பு ரத்தாகும். வாங்கிய விடுப்பு ஊதியம் திரும்பப் பிடிக்கப்படும். கம்யூட்டட் லீவில் இருந்தபடியே விருப்ப ஓய்வு பெற்றாலும் அது அரைச் சம்பள விடுப்பாக மாற்றப்பட்டு வித்தியாசத் தொகை பிடிக்கப்படும். ஆனால் மேற்கொண்டு பணி செய்ய முடியாத உடல்நலக் குறைவால் ஓய்வு என்றால் இந்தப் பிடித்தம் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. நான் பார்த்த ஒரு கோப்பில், பக்கவாதம் வந்த ஓட்டுநர் ஒருவர் பல மாதம் இத்தகைய விடுப்பில் இருந்துவிட்டு, யாரோ தட்டச்சு செய்து கொடுத்த கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தார். அதில் 'சொந்தக் காரணங்களுக்காக விருப்ப ஓய்வு பெற விரும்புகிறேன்' என்று இருந்தது. இடது கைப் பெருவிரல் ரேகையும் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது, வலது கையால் கையெழுத்துச் சரியாக விழாததால். உடல்நிலையைச் சொல்லும் சான்று அந்தத் தாளிலேயே இருந்தும், 'சொந்தக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களால் அவருடைய பணிக்கொடையிலிருந்து பெருந்தொகை பிடிக்கப்பட்டது. கடிதத்தின் வாசகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் குடும்பம் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. சொல்வது கடினம், பொறுத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும்போது ஊழியர் இறக்க நேர்ந்தால், 24 ஆண்டுப் பணிக்கு இறப்புப் பணிக்கொடை ஏறத்தாழ 24 மாத ஊதியம். ஓய்வு பெற்றவருக்குக் கிடைப்பதைப் போல் இரு மடங்கு. உயர்த்தப்பட்ட குடும்ப ஓய்வூதியமான 50 விழுக்காடு பத்தாண்டுக்குக் கிடைக்கும். அதன் பிறகு 30 விழுக்காடு. ஓய்வுக்குப் பின் இறந்தால் அந்த உயர்ந்த விகிதம் ஏழு ஆண்டு வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இவற்றில் எது முன்னதோ அதுவரை மட்டுமே. மருத்துவச் சான்றுடன் எடுக்கும் விடுப்பும், ஊதியமில்லா விடுப்பே ஆனாலும், தகுதியுள்ள பணிக்காலமாகவே எண்ணப்படும். அதாவது விடுப்பில் இருப்பவரும் பணியில் இருப்பவர்தான். உடல் மிகவும் நலிந்த நிலையில் 'இனி யாருக்கும் தொந்தரவு வேண்டாம்' என்று ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ எழுதிக் கொடுப்பவர்கள், தம்மை அறியாமலே மனைவி மக்களின் பங்கைக் குறைத்துவிடுகிறார்கள். இதை மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நிர்வாகப் பிரிவில் இருக்கும் எவரும் இதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள்.

மருத்துவக் குழுவுக்கு வருகிறேன். நேராக மருத்துவமனைக்குச் சென்று இயலாமைச் சான்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நீங்கள் இந்த நோக்கத்துடன் வருவது துறைத் தலைமைக்குத் தெரியும் என்று காட்டும் கடிதம் முதலில் வேண்டும். பணிப்பதிவேட்டில் உள்ள உங்கள் வயதையும் துறையே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே விண்ணப்பம் துறைத் தலைமைக்கு எழுதப்பட வேண்டும். அதிலிருந்துதான் குழுவுக்குப் பரிந்துரை செல்லும்.

குழுவின் முன் உங்களுக்குள்ள சிக்கல் 'நிரந்தரம்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவைக்கு வாய்ப்புள்ளவரை நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று சொல்ல மருத்துவர்கள் தயங்குவது இயல்பு. உட்கார்ந்து பார்க்கும் எழுத்தர் வேலைதானே என்றும் கேட்பார்கள். 'நோயாளி டயாலிசிஸ் செய்துகொள்கிறார்' என்று மட்டும் சொல்லும் சான்று இங்கே பயன்படாது. உங்களைத் தொடர்ந்து பார்க்கும் சிறுநீரக மருத்துவரிடம், ஜிப்மரிலோ வேறெங்கோ, விரிவான அறிக்கை கேளுங்கள். எந்த ஆண்டு முதல் நோய் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இயந்திரத்தில் செல்கிறது, டயாலிசிஸுக்கு மறுநாள் இரத்த அழுத்தமும் சோர்வும் எப்படி இருக்கின்றன, இரத்தச் சோகை எந்த அளவு, இதய பாதிப்பு உண்டா, மாற்று அறுவை சாத்தியமா, சாத்தியமில்லை என்றால் ஏன் என்பவை அதில் இருக்க வேண்டும். ஃபிஸ்டுலா போட்ட கையால், அதாவது டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கையால், கனமான கோப்புகளைத் தூக்கக் கூடாது, அந்தக் கையால் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வர முடியாது என்பன போன்ற, வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள கட்டுப்பாடுகளையும் மருத்துவர் எழுதித் தந்தால் குழுவின் பார்வை மாறும். உங்கள் பணியின் தன்மையை விவரிக்கும் ஒரு பக்கக் குறிப்பை அலுவலகத்திலிருந்து பெற்று இணைத்துவிடுங்கள்.

குழு 'இலகுவான பணிக்குத் தகுதி' என்று சொன்னாலும் சோர்ந்துவிட வேண்டாம். மாற்று அறுவைக்கு வாய்ப்புள்ள 47 வயதுக்காரருக்கு அதுவே நல்ல முடிவாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் முன்னே 13 ஆண்டுப் பணி மீதமிருக்கிறது. அறுவைக்குப் பின் பலர் முழுமையாக வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பாகூர் போன்ற கடலூர் எல்லையோரப் பகுதியில் உங்கள் துறைக்கு அலுவலகம் இருந்தால் அங்கே மாறுதல் கேளுங்கள். உங்களை வாட்டுவது வேலையைவிடப் பயணம்தான் என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்களைக் காப்பாற்றுமா என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் 20(4) பிரிவு வலிமையானது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவருக்கென்றே கூடுதல் பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். பகவான் தாஸ் என்ற பஞ்சாப் மின்வாரிய ஊழியர் 1994-ல் பணிக்காலத்தில் பார்வையை முழுமையாக இழந்து, தம் உரிமை தெரியாமல், தமக்கு ஓய்வும் மனைவிக்கு வேலையும் கேட்டு எழுதிக் கொடுத்தார். 2008-ல் உச்ச நீதிமன்றம், 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழேயே, உரிமையை அறியாமல் எழுதிய கடிதத்தை வைத்து அவரை வெளியேற்றியது தவறு, சட்டம் தரும் பாதுகாப்பை அவருக்கு எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை என்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2016 சட்டம் பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நாள்பட்ட நரம்பியல் நோய்கள், ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் உயிரணு நோய் ஆகியவை உண்டு. உங்கள் சிறுநீரகம் சர்க்கரை நோயால் பழுதடைந்திருந்தால் கண்களையும் கால்களையும் தனியே பரிசோதித்துக்கொள்ளுங்கள். விழித்திரை பாதிப்பால் பார்வைக் குறைவோ, கால் விரல்களை இழந்ததால் இயக்கக் குறைபாடோ இருந்து, அதற்கு முறையான ஊனச் சான்று கிடைத்தால், அந்த வழியாக 20-ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்த வாய்ப்பு உண்டு. பலர் சிறுநீரகத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள்.

இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் ஓரிரு வார்த்தை. மத்திய விதிகளுக்கு உட்பட்டு 2004-க்குப் பின் சேர்ந்து தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, இரண்டு வழிகளின் வேறுபாடு உங்களுக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு பெரியது. இயலாமையால் விடுவிக்கப்படும்போது பழைய ஓய்வூதிய விதிகளின் பயனைத் தேர்ந்தெடுக்க 2021-ஆம் ஆண்டின் நடைமுறை விதிகள் வழிசெய்கின்றன. விருப்ப ஓய்வில் அந்தத் தேர்வு இல்லை. அவர்கள் தங்கள் பணிப்பதிவேட்டில் எந்த விருப்பம் பதிவாகியிருக்கிறது என்பதை உடனே பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் விதிகளே வேறு: 50 வயது அல்லது 20 ஆண்டுப் பணி முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்பில் விருப்ப ஓய்வு பெறலாம்; முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு வேண்டும்; 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் அந்தப் பழைய விதிகளுக்குள் வரமாட்டார்கள் என்பதால், நடப்பிலுள்ள அரசாணையைக் கையில் வாங்கிப் படித்த பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரித் தொழிற்பேட்டைகளிலோ தனியார் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் ராஜினாமாவுக்கு முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். சாதாரண நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள். 34 நெடுநாள் நோய்களுக்கு 80 விழுக்காடாக ஈராண்டு வரை நீட்டிக்கப்படும். சிறுநீரகச் செயலிழப்பும் அவற்றில் ஒன்று. இரண்டு ஆண்டுத் தொடர் காப்பீடும் போதிய சந்தா நாட்களும் இதற்கு நிபந்தனை. வேலையை விட்டபின் இந்த உதவியைக் கேட்கப் போவது வீண் அலைச்சல். வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில், செய்துவந்த வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாதவர் ஆனால் பத்தாண்டுச் சந்தா தேவையில்லை, ஒரு மாதச் சந்தா இருந்தாலே மாத ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. பணிக்கொடைக்கான ஐந்தாண்டு நிபந்தனையும் நோயால் இயலாமை ஏற்பட்டவருக்குப் பொருந்தாது.

மீண்டும் உங்கள் விஷயம். முதல் வேலையாக நிர்வாகப் பிரிவில் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 18 ஆண்டு முடிந்தபோது தகுதியுள்ள பணிக்காலச் சரிபார்ப்புச் சான்று தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது எழுத்துமூலம் கேளுங்கள். விடுப்புக் கணக்கின் பக்கத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப உறுப்பினர் விவரமும், பணப்பயன்களைப் பெற நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர்களும் (நாமினேஷன்) இன்றைய நிலைக்கு ஏற்ப உள்ளனவா என்று பாருங்கள். 2001-ல் மணமாகாதவராகச் சேர்ந்து அம்மாவின் பெயரை எழுதியவர்கள் அதை மாற்றாமலே இருப்பது உண்டு. ஓய்வுக்குப் பின் டயாலிசிஸ் செலவை எது ஏற்கும் என்பதையும் துறையில் எழுதிக் கேட்டுப் பதில் பெறுங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்; உங்கள் ஓய்வூதியமே அதைத் தாண்டிவிடும் என்பதால், கடலூரில் குடியிருப்பதை நம்பி அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இவற்றைச் செய்து, கம்யூட்டட் லீவில் சில மாதங்களைக் கடந்து, மாற்று அறுவை பற்றி மருத்துவரின் தெளிவான கருத்தும் வந்த பிறகு ஓய்வுதான் வழி என்று தோன்றினால், 39-ஆம் விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நோயின் பெயரையும் எழுதி, மருத்துவ அதிகாரியின் முன் அனுப்புமாறு துறைத் தலைமைக்கு விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தில் 'விருப்ப ஓய்வு' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. 'சொந்தக் காரணம்' என்பதும் கூடாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்தத் தாளையும் ஒப்படைக்க வேண்டாம்.

குழு மறுத்து, உடலும் இனி இடம் கொடுக்காது என்ற நிலை வந்தால் மட்டும் விருப்ப ஓய்வுக்கு வாருங்கள். 20 ஆண்டு நிறைந்திருப்பதால் அந்த வழி உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது, அதற்கு அவசரம் தேவையில்லை. அப்போதும் விடுப்பிலிருந்து பணிக்குத் திரும்பிச் சேர்ந்த பிறகே முன்னறிவிப்பைக் கொடுங்கள், பிடித்தம் வராமலிருக்க. மூன்று மாதம் முடிவதற்குள் நியமன அதிகாரி மறுக்காவிட்டால் அந்தத் தேதியில் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். இடையில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தோ வேறு காரணத்தாலோ மனம் மாறினால், குறிப்பிட்ட தேதிக்கு முன்பே திரும்பப் பெறும் கடிதத்தைக் கொடுத்து நியமன அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்தத் தேதி கடந்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.